மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வெலிங்டன் வாங்குவோருக்கு

நெப்போலியனை வோட்டர்லூவில் தோற்கடித்து, பின்னர் பிரதமருமான பிரித்தானியத் தளபதி வெலிங்டன் கோமகனின் வாழ்க்கை வரலாற்றைக் குறைந்த காசில் தேட வேண்டுமென்றால், கொழும்பில் முதலில் போக வேண்டிய இடம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகள்தான். வசதி என்னவென்றால், புத்தகத்தை நின்ற நிலையில் புரட்டிப் பார்க்கலாம். பொலித்தீன் உறை ஒட்டிய புதுப் புத்தகத்தில் அது நடக்காது. இந்த மனிதரைப் பற்றிய நூலைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கவும் கூடாது.

இரண்டு பாகமாக எழுதப்பட்ட வரலாறுகள் பழைய கடைக்கு வரும்போது பிரிந்து வருவதுண்டு. வோட்டர்லூ வரை போகும் முதல் பாகத்தைத்தான் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அட்டையில் குதிரையும் வாளும் இருக்கும். இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள். ஒன்றை வாங்கிய பிறகு மற்றதைக் கேட்டால் விலை உங்கள் கையில் இல்லை. ஒரே பாகத்தில் அடங்கிய நூலென்றால், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். சுருக்கிய பதிப்பு என்றிருந்தால் அரசியல் அத்தியாயங்களில்தான் முதலில் கத்தி விழுந்திருக்கும்.

அரசியல் பகுதி தேறுமா என்று பார்க்க, 1829ஐப் பற்றிய பக்கங்களைத் திறந்தாலே போதும். 1828 ஜனவரியில் பிரதமரான வெலிங்டன் பழமைவாத டோரி. கத்தோலிக்கருக்கு நாடாளுமன்ற உரிமை கொடுப்பதை அவரது கட்சியே எதிர்த்தது. மன்னர் நான்காம் ஜோர்ஜும் எதிர்த்தார். 1828இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில், கத்தோலிக்கராதலால் நாடாளுமன்றத்தில் அமர முடியாத டானியல் ஓகொனல் வென்றதும், கொடுக்காவிட்டால் உள்நாட்டுப் போர் என்று கணக்குப் போட்டு, மன்னரை மடக்கி, 1829 ஏப்ரலில் சட்டத்தை நிறைவேற்றினார். இடையில் மார்ச் 21ஆம் திகதி, தன்னை அவதூறு செய்த வின்சில்சி பிரபுவோடு பற்றர்சி வயலில் துப்பாக்கிச் சண்டை. பதவியிலிருக்கும் பிரதமர்! வெலிங்டன் குறி விலகச் சுட்டார், மற்றவர் வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். சண்டையை மட்டும் சுவையாகச் சொல்லி, கிளேர் தேர்தலை ஒரு வரியில் தாண்டும் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வையுங்கள்.

அடுத்து 1830 நவம்பர் 2. தேர்தல் முறையில் திருத்தமே தேவையில்லை என்று பிரபுக்கள் சபையில் பேசினார். இரண்டு வாரத்தில் அரசாங்கம் விழுந்தது. 1831இல் கூட்டம் அவரது லண்டன் வீட்டு ஜன்னல்களை உடைத்தது, பிறகு ஜன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. தளபதி அரசியலுக்கு வந்தால் என்ன பாடு என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கத்தோலிக்கர் விடயத்தில் வளைந்தவர் இதில் ஏன் வளையவில்லை என்பதை விளக்குகிற நூல்தான் காசுக்குப் பெறுமதி.

போர்ப் பகுதிக்கு அசாயே வரைபடம் ஒன்றே போதுமான சோதனை. 1803 செப்டெம்பர் 23இல் இந்தியாவில் மராட்டியப் படையோடு நடந்த இந்தச் சண்டையைத்தான் தன் சண்டைகளில் சிறந்ததென்று பின்னாளில் அவரே சொன்னார். கைட்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளும், எதிரெதிர்க் கரையில் இருந்த இரண்டு கிராமங்களும் படத்தில் இருக்க வேண்டும். கிராமங்கள் அப்படி எதிரெதிரே இருந்தால் ஆற்றைக் கடக்கும் துறை ஒன்று இருந்தே தீரும் என்று ஊகித்துத்தான் படையை இறக்கினார். கிராமங்கள் இல்லாத படம் அலங்காரம்.

நமக்கு முக்கியமான இடம் திருகோணமலை. 1800 டிசம்பரில், அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, அங்கே திரட்டப்பட்ட படைக்குத் தலைமை தாங்க வந்தார். அந்தப் பதவி பிறகு ஜெனரல் டேவிட் பெயர்டுக்குப் போனது. வெலிங்டன் பம்பாயில் நோய்வாய்ப்பட்டதால், அந்தப் படையோடு சேரப் போகவிருந்த கப்பலில் ஏறவில்லை. அந்தக் கப்பல் செங்கடல் போகும் வழியில் மூழ்கியது. திருகோணமலையில் காய்ச்சல் வந்து உயிர் தப்பினார் என்று எழுதும் நூல்கள் ஊர்க்கதையை வரலாறாக்குகின்றன. பின்னட்டவணையில் திருகோணமலை இருக்கிறதா, இருந்தால் எந்த மாதத்தில் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

இனிப் பொருளின் நிலை. தறப்பாளுக்குக் கீழே, தரையோடு ஒட்டிய அடுக்கில் இருப்பவை ஒக்டோபர், நவம்பர் மழையில் ஈரம் குடித்தவை. பழுப்புப் புள்ளிகள் பரவாயில்லை. கறுத்த பூஞ்சணமும் புளித்த நாற்றமும் இருந்தால் வேண்டாம், பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். முதுகின் அடியில் மண்கோடு தெரிந்தால் கரையான். பழைய பேப்பர்பாக்கை நடுவில் மெதுவாக விரியுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் பசை காய்ந்துவிட்டது, படிக்கப் படிக்கத் தாள் கழரும். படங்களின் பட்டியலோடு படத்தாள்களை எண்ணிப் பாருங்கள். மடித்து வைத்த வரைபடம்தான் முதலில் காணாமற்போவது.

இராமபாணப் பூச்சி ஐயமென்றால், பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுதும் பையைத் திறக்க வேண்டாம். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோர்த்துப் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும்.

இரண்டாம் பாகம் மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். போர்களை விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரேயுள்ள கொழும்பு பொது நூலகத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம். முதல் பாகம் தனியாக வந்தால் பாதி விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.