ஆர்மடில்லோவை விரட்ட எது சரி: கூண்டா, வேலியா, துப்பாக்கியா, மருந்தா?

காலையில் கதவைத் திறந்தால் புல்தரை முழுக்கக் குழி. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து அங்குல அகலம், மூன்று அங்குலத்துக்குள் ஆழம், இட்லித்தட்டை மண்ணில் அழுத்தி எடுத்த மாதிரி. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வீடும் நிலமும் வைத்திருப்பவர்களுக்கு இது யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது பட்டை ஆர்மடில்லோ, அதாவது உடம்பில் கவசம் மாதிரி ஓடு போர்த்திய பாலூட்டி, இரவில் வந்து போயிருக்கிறது.

பார்வைக்கு நம் ஊர் அழுங்கு மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. இது தென்னமெரிக்காவில் மரக்கிளையில் தொங்கும் ஸ்லாத், அங்குள்ள ஆன்ட்ஈட்டர் வகையறாவோடு சேர்ந்தது. 1850 வாக்கில் மெக்சிகோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாசுக்குள் வந்தது. ஆறு அதற்குத் தடையே இல்லை. காற்றை விழுங்கி வயிற்றை உப்பவைத்து மிதக்கும், இல்லாவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு ஆற்றின் அடியிலேயே நடந்து அக்கரைக்குப் போய்விடும். புளோரிடாவில், மனிதர்கள் அடைத்து வைத்திருந்தவை 1920களில் தப்பி, தனியாக ஒரு கூட்டமாகப் பெருகின. பிற்பாடு மேற்கிலிருந்து வந்த கூட்டமும் இதுவும் கலந்துவிட்டன. 1995-இல் டெக்சாஸ் இதைத் தன் மாநிலச் சிறு பாலூட்டியாகவே அறிவித்தது. 2007-இல் வட கரோலினாவின் மேற்கு மலைப்பக்கம் மேக்கன் கவுண்டியில் முதல்முறையாகத் தென்பட்டது. இன்று நெப்ராஸ்கா, இலினாய், இந்தியானா வரை ஏறிவிட்டது.

குளிர்தான் இதற்கு எல்லை. உடம்பில் கொழுப்பு குறைவு, குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் வழக்கமும் இல்லை. மண் உறைந்தால் இரை தோண்ட முடியாது, பட்டினிதான். குளிர்காலம் இளகிவரும் இடங்களில் அந்த எல்லை வடக்கே நகர்கிறது. போதாததற்கு ஒரே கருமுட்டை நான்காகப் பிரிந்து, அச்சு அசலாக ஒரே மாதிரி நான்கு குட்டிகள் பிறக்கின்றன.

எந்த வழியில் விரட்டலாம் என்று பார்க்கும் முன் சேதம் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. இரை தேடித் தோண்டிய சிறு குழிகள் கண்ணுக்குத்தான் உறுத்தல், காலால் மிதித்து மூடிவிடலாம். வளை அப்படியில்லை. வாய் ஏழெட்டு அங்குலம் அகலம் இருக்கும், உள்ளே பதினைந்து அடி வரைகூட நீளும். அது வீட்டு அஸ்திவாரத்துக்கோ ஏசி நிற்கும் கான்கிரீட் மேடைக்கோ அடியில் போனால் நிஜமான செலவு. பண்ணைக் குட்டையின் கரையில் போனால் தண்ணீர் கசியும், மேய்ச்சல் நிலத்தில் இருந்தால் மாடோ குதிரையோ காலை விட்டு முறித்துக்கொள்ளும்.

முதலில் மருந்து, ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். விளக்கெண்ணெய் கலந்த குருணை, மிளகாய்த்தூள், அந்துருண்டை என்று கடையில் கிடைப்பதையெல்லாம் தூவிப் பார்க்கிறார்கள். இவற்றில் எதுவும் ஆர்மடில்லோவை நம்பகமாக விரட்டியதாகச் சான்று இல்லை. எதையோ செய்தோம் என்ற திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான். அந்துருண்டையை வெளியில் இறைப்பது அந்த டப்பாவில் போட்டிருக்கும் விதிக்கே விரோதம், சட்டப்படியும் தவறு. குழந்தைகள் விளையாடும் மண்ணில் விஷத்தைப் போட்டதுதான் மிச்சமாகும்.

பூச்சிமருந்துக்காரர்கள் சொல்லும் வாதம் கொஞ்சம் கெட்டியானது. புல்லுக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுவைக் கொன்றுவிட்டால் இரை இல்லை, விலங்கும் வராது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்மடில்லோ வண்டுப் புழுவை மட்டும் நம்பி வாழவில்லை. மண்புழு, எறும்பு, வண்டு, பூரான் என்று எது அகப்பட்டாலும் தின்னும். அரை அடி ஆழத்தில் இருப்பதைக்கூட மோப்பம் பிடித்துவிடும். இரை குறைந்தால் கிளம்பும் முன் இன்னும் வெறியாகத் தோண்டிப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. மருந்துச் செலவில் மண்புழுவும் போய்விடும். அதற்குப் பதில் ஸ்ப்ரிங்க்ளரைக் குறைப்பது எனக்குப் பிடித்த யோசனை. ஈரமான, பொலபொலவென்ற மண்ணைத்தான் அது தேடி வருகிறது. கோடையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது தினமும் தண்ணீர் பாயும் உங்கள் புல்தரை ஒன்றுதான் அதற்கு விருந்து. தண்ணீரைக் குறைக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பில்லும் இறங்கும். இதை மட்டும் செய்தால் தொல்லை முழுக்கத் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

துப்பாக்கிக்கு வருவோம். சொந்த நிலத்தில் சேதம் செய்யும் ஆர்மடில்லோவைச் சுடத் தென்மாநிலங்கள் பலவற்றில் அனுமதி உண்டு, ஊர் எல்லைக்குள் பொதுவாகக் கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய பண்ணையில், குறி தெரிந்தவர் கையில் இது வேலைக்கு ஆகும். மற்ற இடங்களில் என்ன ஆகும் என்பதற்கு 2015-இல் வந்த இரண்டு செய்திகள் போதும். டெக்சாசில் ஒருவர் சுட்ட குண்டு ஆர்மடில்லோவின் மேல் பட்டுத் திரும்பி அவர் தாடையிலேயே பாய்ந்தது. ஜார்ஜியாவில் ஒருவர் சுட்ட குண்டு விலங்கைக் கொன்றுவிட்டு, வேலியில் பட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் துளைத்து, நாற்காலியையும் தாண்டி, உள்ளே உட்கார்ந்திருந்த மாமியாரின் முதுகில் பட்டது. நல்லவேளை, பெரிய காயம் இல்லை. அந்தக் குடும்பத்தில் அடுத்த விருந்து எப்படி நடந்தது என்று எந்தச் செய்தியிலும் இல்லை.

கூண்டு வைத்தும் அகப்படவில்லை என்று சொல்பவர்கள் பலர், ஆனால் பெரும்பாலும் வைத்த விதம்தான் தவறு. புல்தரையின் நடுவில் கூண்டை வைத்து, உள்ளே வாழைப்பழத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மறுநாள் நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க்கோ, பெரிய எலி மாதிரி இருக்கும் பொஸமோ உட்கார்ந்திருக்கும். ஸ்கங்க் இருக்கும் கூண்டைத் திறப்பது எப்படிப்பட்ட வேலை என்பது திறந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆர்மடில்லோவுக்கு இரை வைத்து ஆசை காட்டுவது கஷ்டம், ஏனென்றால் அதன் இரை மண்ணுக்குள் நெளிகிறது. அதன் பலவீனம் கண்ணில் இருக்கிறது. பார்வை மங்கல், அதனால் சுவரையோ வேலியையோ மரக்கட்டையையோ உரசிக்கொண்டே போகும். மூக்கால் மண்ணைக் கிளறி உறுமிக்கொண்டு மேயும்போது நீங்கள் சத்தமில்லாமல் அருகில் போய் நின்றால்கூடப் பல நேரம் கவனிக்காது. கவனித்துவிட்டால் மூன்று நான்கு அடி செங்குத்தாகத் துள்ளும். சாலையில் காருக்கு அடியில் அகப்பட்டு இத்தனை சாவதற்கு அந்தத் துள்ளலும் ஒரு காரணம்.

சுவரோரம் போகும் அந்த வழக்கத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குல வாயும் முப்பத்திரண்டு அங்குல நீளமும் உள்ள கூண்டு போதும், இரண்டு பக்கமும் திறக்கும் வகை இன்னும் நல்லது. அதை வீட்டுச் சுவரோரமாகவோ வளையின் வாய்க்கு நேராகவோ வையுங்கள். கூண்டு வாயின் இரண்டு பக்கமும் ஆறடிப் பலகைகளை நிமிர்த்தி, புனல் மாதிரி விரித்து வையுங்கள். விலங்கு பலகையை உரசிக்கொண்டே உள்ளே போய்விடும். இரையே வேண்டாம், ஸ்கங்க் தொல்லையும் இல்லை. எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று தெரியாவிட்டால் வாயில் காய்ந்த இலையைத் திணித்துவிட்டு மறுநாள் பாருங்கள். இலை வெளியே தள்ளிக் கிடந்தால் உள்ளே குடி இருக்கிறது.

கூண்டின் சிக்கல் பிடித்த பிறகுதான் ஆரம்பம். காரில் ஏற்றி ஊருக்கு வெளியே விடுவது தர்மமான காரியமாகத் தோன்றும், ஆனால் பல மாநிலங்களில் அது சட்டப்படி கூடாது. தொல்லையை இன்னொருவர் நிலத்துக்கு மாற்றிவிடுவதுதானே அது? கூண்டு வாங்கும் முன்பே மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கையுறையும் அவசியம். தொழுநோய்க் கிருமியைச் சுமக்கும் விலங்கு இது. அமெரிக்கத் தென்பகுதி நோயாளிகள் பலரிடம் இருந்த கிருமி வகையும் ஆர்மடில்லோக்களிடம் இருந்த வகையும் ஒன்றே என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. பயந்து நடுங்க வேண்டியதில்லை, மனிதர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய்க்கு இயல்பாகவே எதிர்ப்பு உண்டு, மருந்தும் உண்டு. ஆனால் வெறுங்கையால் தொடுவதும் இறைச்சியைச் சமைப்பதும் வேண்டாம்.

வேலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டடி உயரக் கம்பி வலையை வெளிப்பக்கம் சாய்த்து, ஒரு அடிக்கு மேல் மண்ணுக்குள்ளும் புதைத்தால் நிற்கும். சும்மா நேராக நிறுத்தினால் ஏறிவிடும், புதைக்காவிட்டால் அடியில் தோண்டிவிடும். காய்கறிப் பாத்திக்கும் ஏசி மேடைக்கும் சரி. அரை ஏக்கரைச் சுற்றிப் போடக் கிளம்பினால் செலவு கையைக் கடிக்கும்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. புல்தரையில் மட்டும் குழி என்றால் என்னைக் கேட்டால் தண்ணீரைக் குறைத்துவிட்டுச் சும்மா இருங்கள். மண் காய்ந்ததும் அது வேறிடம் பார்க்கலாம், நெருப்பெறும்பையும் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். அஸ்திவாரத்திலோ குட்டைக் கரையிலோ வளை விழுந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூண்டு வைத்துப் பிடித்துவிட்டு, வளையை மண்ணும் கல்லும் போட்டு இறுக்கி மூடி, மேலே கம்பி வலை பதியுங்கள். காலி வளையைத் திறந்து விட்டால் அடுத்தது வந்து குடியேறிவிடும்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்றால் விலங்கு பிடிப்பவரைக் கூப்பிடலாம், சில நூறு டாலர் ஆகும். வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது கூலி வருகைக்கா, பிடித்த விலங்குக்கா என்பதுதான். கூண்டோடு பலகை கொண்டுவருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். அது எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.