19 மி.மீ. வேண்டாம், அரை அங்குலம் காணும்: மோட்டார் சைக்கிளில் பிறேக் மாஸ்ரரை மாற்றியும் கிளச் மாஸ்ரரை ஓடியும் பார்த்ததில்

முடிவை முதலே சொல்கிறேன், அவசரக்காரர் இத்துடன் எழும்பிப் போகலாம். 150 சிசி வண்டி, முன்னுக்கு ஒற்றை டிஸ்க், இரண்டு பிஸ்ரன் கலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) என்றால், ஜப்பான் வண்டியில் கழற்றிய நிசின் கொம்பனியின் அரை அங்குல மாஸ்ரர் சிலிண்டர் (லீவரை அமத்தும்போது ஒயிலைத் தள்ளும் சாமான், சுருக்கமாக மாஸ்ரர்) ஒன்று, அதற்குப் புது ரப்பர் கிட், மூடி உடைக்காத டொட் 4 பிறேக் ஒயில் ஒரு போத்தில். இவ்வளவும் காணும். கிளச்சுக்கு ஹைட்ரோலிக் (கேபிளுக்குப் பதில் ஒயில்) போடும் எண்ணம் இருந்தால் அந்தக் காசை ரயருக்குப் போடுங்கள்.

இனி ஆறுதலாகக் கதைப்போம்.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பிறகு 2025 தொடங்கும் வரை புதுசு எடுக்க வழியில்லாமல் ஊரில் எல்லோரும் கிடந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். எனது வண்டியும் அந்தக் கூட்டம்தான். மொடலைச் சொல்லி ஒரு கொம்பனியோடு கொழுவ விருப்பமில்லை, இந்த வகுப்பில் வந்த இந்திய வண்டிகள் பலவற்றுக்கும் வயது போனால் வருவது ஒரே வருத்தம்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் பிறேக்கைப் பிடித்தபடி நின்றால், லீவர் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கும். வெளியில் ஒரு சொட்டு ஒயில் கசிவில்லை. விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தால் பழையபடி இறுகும். இப்படி இருந்தால் மாஸ்ரருக்குள் பிஸ்ரனில் உள்ள ரப்பர் கப் தேய்ந்து, ஒயில் அதைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் போகிறது என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். லீவர் பஞ்சு மாதிரி அமுங்குவது வேறு பிரச்சினை, அது காற்று அல்லது பழைய ஹோஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டு காற்று எடுத்துக்கொண்டே இருப்பவர்கள் எக்கச்சக்கம் பேர்.

கப் தேய்ந்ததற்கு ரப்பர் கிட் மட்டும் போட்டிருக்கலாம்தான். ஆனால் என் பழைய மாஸ்ரரின் துளை உள்ளே அரித்துப் போயிருந்தது, சொரசொரப்புத் தெரிந்தது. அதற்குள் புது ரப்பர் போட்டால் கெதியாகக் கிழியும். மாற்றத்தான் வேண்டும் என்றானபோது, எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது.

பொடியளிடம் கேட்டால் ஒரே விடைதான்: 19. ஹாண்டிலுக்குச் செங்குத்தாக முன்னுக்கு நீட்டி நிற்கும் றேடியல் மாஸ்ரர், பக்கத்தில் சின்ன வட்டக் கிண்ணி, மடங்கும் லீவர், சிவப்பு எழுத்தில் இத்தாலிப் பெயர் போட்ட நகல். அந்த இத்தாலிக் கொம்பனி, அதாவது பிரெம்போ, 19 என்று செய்கிற சாமான் இரட்டை டிஸ்க்கும் நான்கு பிஸ்ரன் கலிப்பர்களும் உள்ள பெரிய வண்டிகளுக்கானது. ஒற்றை டிஸ்க்குக்கு அவர்களே 15 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கம் பிஸ்ரனின் விட்டம், மில்லிமீட்டரில். கூடினால் பிறேக் பலமாகப் பிடிக்கும் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறான எண்ணம். நடப்பது தலைகீழ்.

மாஸ்ரர் பிஸ்ரன் பெருத்தால் ஒரு அமுக்கில் கூட ஒயில் தள்ளும், அதனால் லீவர் குறைய நகரும், கைக்குக் கெட்டியாக இருக்கும். ஆனால் அதே கைப்பலத்துக்குக் கலிப்பரில் கிடைக்கும் அழுத்தம் குறையும், ஏனென்றால் பலம் பெரிய பரப்பில் பரவிப் போகிறது. கணக்கு விட்டத்தின் வர்க்கத்தில்தான் போகும். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ., வர்க்கம் ஏறக்குறைய 161. 14 மி.மீ. என்றால் 196. ஆக 14 க்கு மாறினால் லீவரின் நெம்பு அளவு மாறாத வரைக்கும் கையை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாகக் கூட அமத்த வேண்டும். 19 க்கு 361. இரண்டு மடங்குக்கும் மேல்! கூட்டாளி ஒருவரின் வண்டியில் அந்த நகல் 19 பூட்டிக் கிடந்தது, கல்லுண்டாய் வெளியில் ஓடிப் பார்த்தேன். லீவர் மரக்கட்டை. இரண்டு விரலால் அமத்தினால் வண்டி யோசித்துத்தான் நிற்கும், முழுக் கையாலும் பிடித்தால்தான் பதில். அவருக்கு அதுவே பிடித்திருக்கிறது, கெட்டியாக இருக்கிறதே என்கிறார். கெட்டியாக இருப்பதும் நன்றாக நிற்பதும் ஒன்றில்லை என்று சொல்லிப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

அந்த நகல் சாமானின் வேலைப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி. பார்வைக்கு வடிவுதான், ஆனால் லீவர் ஆணியில் மேலும் கீழும் ஆட்டம், கிண்ணிக்குப் போகும் ரப்பர் குழாய் கொஞ்ச நாளிலேயே மஞ்சளித்து விறைத்துவிட்டது. சோடி 15,000 ரூபாவுக்குக் கிட்ட. உண்மையான பிரெம்போ அந்த விலைக்கு வரவே வராது, ஆகவே கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து நேரே வந்த ஒறிஜினல் என்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான் எடுத்தது ஸ்ரான்லி வீதிப் பக்கம் உள்ள ஒரு பழைய சாமான் கடையில். உள்ளே போனால் தரை முழுக்க ரிக்கண்டிஷன் வண்டிகளில் கழற்றிய லீவர், சோக், மீற்றர், கார்பரேட்டர். கடைக்கார ஐயா அவசரப்படுத்தவில்லை, ஒரு பெட்டி மாஸ்ரர்களை முன்னால் கொட்டிவிட்டு “பாத்து எடுங்கோ தம்பி” என்று தன் பாட்டில் இருந்துவிட்டார். இதற்கே அந்தக் கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்று குறைத்தது பற்றுச்சீட்டு இல்லை என்பதற்கும், திருப்பி எடுக்கும் பேச்சே இல்லை என்பதற்கும்.

பழையது எடுக்கிறவர்களுக்கு: இலக்கம் பெரும்பாலும் உடலிலேயே வார்த்திருக்கும். 11, 1/2, 14, 5/8 என்று பார்க்கலாம், 5/8 என்றால் கிட்டத்தட்ட 15.9 மி.மீ. மூடியைக் கழற்றிக் கிண்ணியின் அடியைப் பாருங்கள். இரண்டு துளை இருக்கும், ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றது ஊசிமுனை அளவு. அந்தச் சின்னத் துளைதான் உயிர். பிறேக்கை விட்டதும் கூடுதல் ஒயில் அதன் வழியாகத்தான் கிண்ணிக்குத் திரும்பும். பழைய ஒயில் காய்ந்து அதை அடைத்திருந்தால் பிறேக் விடாது, ஓட ஓடச் சூடாகும், சூட்டில் ஒயில் விரிந்து இன்னும் இறுகும், கடைசியில் சில்லே நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனுக்கு செம்மணிப் பக்கத்தில் இது நடந்தது. ஆனால் அவனுக்குத் துளை அடைக்கவில்லை, மலிவு லீவர் ஒன்று பிஸ்ரனை எப்போதும் கொஞ்சம் அமத்தியபடி இருந்து அந்தத் துளையை மூடி வைத்திருக்கிறது. எந்த லீவர் மாற்றினாலும் பிடிக்கும் முன்னம் சின்னதாக ஒரு வெறும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எனக்குக் கிடைத்த அரை அங்குல நிசின் லீவரோடு சேர்த்து 8,500 ரூபா. துளை கண்ணாடி போல. கிட் வேறு கடையில் எடுத்தேன். ரப்பரைப் பெற்றோலில் கழுவாதீர்கள், ஊதிப் பழுதாகிவிடும், பிறேக் ஒயிலிலேயே கழுவிப் போடுங்கள்.

பூட்டியது கோண்டாவில் பக்கம் ஒரு கராச்சில். கை நல்ல கை, ஆனால் ஒயில் விடயத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அலுமாரிக்கு மேலே மூடி அரைகுறையாகக் கிடந்த ஒரு டொட் 3 போத்திலைத் தூக்கினார். “அண்ணை, புதுசு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன்” என்றால், “எல்லாம் ஒரே ஒயில்தான் தம்பி, உதுக்கேன் புதுப் போத்தில்?” என்றார். ஒரே ஒயில் இல்லை. புது டொட் 3 கொதிக்க ஆகக் குறைந்தது 205 பாகை, டொட் 4 க்கு 230. நீர் உறிஞ்சிய பிறகு அவை 140, 155 என்று இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, இறக்கத்தில் ஒயில் கொதிக்கும் கதை நமக்கு அவ்வளவாக இல்லை என்பது உண்மை. நமக்கு வினை வேறு. இந்தக் கடற்காற்று ஈரத்தில் திறந்து வைத்த ஒயில் நீரைக் குடித்துவிடும், அந்த நீர்தான் உள்ளே துளையை அரிக்கிறது. என் பழைய மாஸ்ரர் செத்ததும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். டொட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன், இவற்றோடு கலக்கவே கூடாது. 5.1 வேறு, அது பரவாயில்லை.

பூட்டும்போது இரண்டு இடத்தில் நின்று பாருங்கள். ஹாண்டிலில் பிடிக்கும் கவ்வியில் மேல்பக்கம் எது என்று குறி இருந்தால் அதன்படி வைத்து மேல் போல்ட்டை முதலில் முழுக்க இறுக்க வேண்டும், இடைவெளி கீழே மட்டும்தான் மிஞ்ச வேண்டும். ஹோஸ் வந்து சேரும் பான்ஜோ போல்ட்டின் மரையும் ஒன்றுபோல் இருக்காது. ஜப்பான் மாஸ்ரர்களுக்கு வழக்கமாக 10 மி.மீ. போல்ட்டில் 1.25 மரை (மரைக்கு மரை இடைவெளி, மி.மீ. இல்), பிரெம்போவுக்கு 1.0. கையால் இரண்டு சுற்றுப் போய் இறுகினால் அங்கேயே விடுங்கள், சாவி போட்டுத் திருகினால் மாஸ்ரர் குப்பைதான். இரண்டு பக்கச் செப்பு வாஷரும் புதுசு போட வேண்டும், விலை ஒன்றும் இல்லை.

காற்று எடுப்பதில்தான் நேரம் போனது. மாஸ்ரர் வெறுமையாக இருக்கும்போது மேலிருந்து அடித்துக்கொண்டே இருந்தால் பின்னேரமாகிவிடும். கலிப்பர் பக்கம் இருந்து ஊசிக்குழாயால் ஒயிலை மேல்நோக்கித் தள்ளினால் காற்றும் தன் பாட்டில் மேலே போகும். மிஞ்சுவது பான்ஜோ வளைவில் ஒளிந்திருக்கும் குமிழிதான். அதற்கு ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி மாஸ்ரரை உயரத்தில் வைத்து, லீவரைச் சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டும். கடைசியில் இரவுக்கு லீவரைக் கைப்பிடியோடு ரப்பர் போட்டுக் கட்டிவிட்டேன், காலையில் இன்னும் இறுகியிருந்தது. சிந்திய ஒயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள், தாங்கிப் பெயின்ரைத் தின்றுவிடும். அந்தக் கராச்சில் இதைச் செய்யவில்லை, தாங்கி மூடிக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு வெளிறல். கராச்சுக்கு ஐந்துக்கு மூன்று.

ஓட்டம் எப்படி? என் பழையது 11, ஆகவே 12.7 க்கு வந்ததும் லீவர் பயணம் நன்றாகக் குறைந்துவிட்டது. நிசின் லீவர் கொஞ்சம் நீளமானது, அதனால் கூடுதல் பலம் பெரிதாகக் கேட்கவில்லை. தூரத்தைக் குறைத்து நிற்கிறதா என்றால் இல்லை, அதை ரயரும் பிறேக் பாட்டும் (டிஸ்க்கில் உரசும் கட்டை)தான் தீர்மானிக்கும். வித்தியாசம் கைக்குத் தெரிவதில்தான். வல்லைவெளியில் றோட்டோரம் மணல் கிடக்கும் இடத்தில் முன்சில்லு வழுக்கப் போவது விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது, அவ்வளவுக்குத் தளர்த்திப் பிடிக்கலாம். ரியூஷன் விட்ட நேரம் சைக்கிள்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது ஒற்றை விரலே போதுமாயிருக்கிறது. பிறகு ஸ்டீல் பின்னிய ஹோஸும் போட்டேன், அதில் கிடைத்த மாற்றம் மாஸ்ரரில் கிடைத்ததன் பாதி இருக்கும். காசு ஒன்றுக்குத்தான் என்றால் மாஸ்ரர், அதிலும் முதலில் ஒயிலையும் பிறேக் பாட்டையும் மாற்றிப் பாருங்கள், பலருக்கு அதோடேயே வருத்தம் மாறிவிடும்.

கிளச். கேபிள் கிளச் வண்டியில் இடப்பக்கம் ஒரு மாஸ்ரர், கீழே எஞ்சின் பக்கம் ஒரு சின்னச் சிலிண்டர், அது கிளச் கையை இழுக்கும். அப்படி ஒரு கிட் அதே கராச்சில் வேறு வண்டிக்குப் பூட்டியிருந்தார்கள், ஒரு சுற்று ஓடினேன். இலகுவாக இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதேதானே. இலகுவாக்க வேண்டுமானால் மாஸ்ரரைச் சின்னதாக்க வேண்டும், சின்னதாக்கினால் தள்ளும் ஒயில் குறைந்து கிளச் முழுதாக விடாது, நியூட்ரல் தேடித் தேடிக் களைக்கும். அந்த வண்டியில் அதுதான் நடந்தது. பெரிய வண்டிகளிலும் கேடிஎம் காட்டு வண்டிகளிலும் ஹைட்ரோலிக் கிளச் அருமையான சாமான், தட்டுத் தேய்வதைத் தானே சரிக்கட்டும், கேபிள் போல இழுபடாது. ஏற்கெனவே அது உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் மாஸ்ரர் மாற்றினால் மூடியில் எழுதியதை வாசியுங்கள். மகுரா மாஸ்ரர் சிலவற்றுக்கு மினரல் ஒயில்தான், அதற்குள் டொட் 4 ஊற்றினால் ரப்பர் எல்லாம் போய்விடும்.

நம் 150 க்குப் புதுக் கிளச் வயர் ஒன்று, வளைவு இல்லாமல் இழுத்து, லீவர் ஆணிக்குக் கிறீஸ் வைத்தால் அந்த கிட்டை விட மென்மை. வயர் அறுந்தால் பரந்தன் சந்தியிலும் வாங்கலாம், ஊர்காவற்றுறையிலும் வாங்கலாம். கிளச் ஒயில் ஒழுகி பண்ணைப் பாலத்தில் நின்றால் யாரிடம் கேட்பது?

இன்னும் ஒரு சில்லறை வேலை. மாஸ்ரர் மாறினால் பிறேக் லைற் சுவிச் பொருந்தாமல் போகலாம், எனக்குப் பொருந்தவில்லை, வேறு மைக்ரோ சுவிச் தேடிப் போட்டேன். பின்னால் வருகிறவனுக்கு லைற் எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். யமஹா மாஸ்ரர் எடுத்தால் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், மற்ற வண்டிக் கண்ணாடி அதில் ஏறாது. அதற்கு ஒரு அடாப்டர் அதே கடையில் 300 ரூபாவுக்குள் கிடைக்கிறது.