திருவனந்தபுரம் – துபாய் – ஹீத்ரோ: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வழி எப்படி?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் போக சென்னை வரை ஓட வேண்டுமா? நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரமே நல்ல வழி.

துபாய் போய் மாறுவது சுற்று வழி என்று பலர் நினைக்கிறார்கள். தட்டையான வரைபடத்தைப் பார்ப்பதால் வரும் எண்ணம் அது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், நூல் வளைகுடா பக்கமாகவே போகும். திருவனந்தபுரம்–ஹீத்ரோ நேர் தூரம் சுமார் 8,400 கி.மீ. துபாய் வரை 2,950, அங்கிருந்து 5,500. ஆக, கூடுவது 50 கி.மீ. மட்டுமே! தோஹா வழி போனால் 100 கி.மீ. கூடும். சென்னைக்கோ, வந்தே பாரத்தில் போனாலும் சுமார் 9 மணி நேரம் ரயிலிலேயே போய்விடும்.

துபாய்க்கு 4 மணி நேரம், அங்கிருந்து ஹீத்ரோவுக்கு ஏழரை. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளுவதால், திரும்பும்போது லண்டன்–துபாய் பறப்பு அரை மணி நேரம் வரை குறையும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 4.30-க்குக் கிளம்பி பகல் 2.30-க்கு இறங்குவதாக இருந்தால், அது 10 மணி நேரம் அல்ல. லண்டன் கோடையில் நாலரை மணி நேரம் கூட்டி, பதினாலரை. குளிர்காலத்தில் ஐந்தரை கூட்ட வேண்டும்.

துபாயில் 3 மணி நேர இடைவெளி நிம்மதி. ஒன்றரைக்குக் கீழே இருந்தால் முதல் விமானம் கொஞ்சம் தாமதித்தாலே சிக்கல்தான். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பப் போட அமீரக விசாவும் தேவைப்படலாம். கவுண்டரில் பெட்டியில் கட்டும் பட்டையைக் கையில் பிடித்துப் படியுங்கள். பெரிய எழுத்தில் ஹீத்ரோவின் குறியீடான ‘எல்.ஹெச்.ஆர்’ (LHR) இருக்க வேண்டும். துபாயின் குறியீடான ‘டி.எக்ஸ்.பி’ (DXB) மட்டும் இருந்தால் பெட்டி துபாயிலேயே நின்றுவிடும். கவுண்டரிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

பெட்டியில் கொப்பரை வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் எடுத்துவிடுவார்கள். நெய், பால்கோவா பிரிட்டனுக்குள் அனுமதி இல்லை.

தனியாகப் போகும் வயதான அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். கட்டணம் கிடையாது, துபாயில் மாறும் இடத்திலும் ஆள் வந்து கூட்டிப் போவார்.

நாகர்கோவிலில் இருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காரோடு என்ற ஊரில் தொடங்கும் பைபாஸில் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் இல்லை. டிரைவரிடம் ‘சாக்கை பக்கம், இரண்டாவது டெர்மினல்’ என்று சொல்லுங்கள். உள்நாட்டு டெர்மினல் ஓடுபாதைக்கு மறுபுறம் சங்குமுகத்தில் இருக்கிறது. தவறிப் போனால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமி கடலில் நீராடும் சடங்கு) நாள்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும். அன்று மாலை சுமார் 5 மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. தேதி குறிக்கும் முன் கோயில் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.