கூர்மையா, நிறமாலையா, பரப்பா? எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிகள் ஓர் ஒப்பீடு

எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகளில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சந்திரா என்பார்கள். அது எடுத்த படங்கள் அப்படி. என் பதில் வேறு. கடந்த சில ஆண்டுகளில் பிரபஞ்சத்தைப் பற்றி நமக்கு அதிகம் புதிதாகச் சொல்லித் தந்தது, சுவரில் மாட்டும்படி ஒரு படம்கூட எடுக்க முடியாத ஜப்பானின் எக்ஸ்ரிசம். இதை மற்றவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதலில் ஒரு அடிப்படை. எக்ஸ்-கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடும் என்பதால் இந்தத் தொலைநோக்கிகள் எல்லாம் மேலே போயே ஆக வேண்டும். இன்னொரு சிக்கல், எக்ஸ்-கதிர் கண்ணாடியில் நேராக மோதினால் திரும்பி வராது, உள்ளே போய்விடும். ஓட்டாஞ்சில்லைக் குளத்து நீரில் சாய்த்து எறிந்தால் தத்திப் போவதுபோல, மிகச் சாய்வாகப் பட்டால் மட்டுமே தெறிக்கும். அதனால் கண்ணாடிகளைக் குழாய் வடிவில் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறார்கள். போட்டி தொடங்குவதே இங்கேதான். தடித்த கண்ணாடியைத் துல்லியமாகத் தேய்த்தால் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் எடை ஏறுவதால் சிலவற்றைத்தான் வைக்க முடியும். மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கினால் ஒளி அதிகம் சேரும், கூர்மை போய்விடும்.

சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும்

இரண்டும் 1999இல் போனவை. நாசாவின் சந்திரா ஜூலையில், ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் டிசம்பரில். சந்திராவில் நான்கே நான்கு ஜோடிக் கண்ணாடிகள். எக்ஸ்எம்எம்மில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 58 அடுக்குகள். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு பங்கைக் கோண விநாடி என்போம். சந்திரா அதில் பாதியைக்கூடப் பிரித்துப் பார்க்கும். எக்ஸ்எம்எம்முக்கு அது சுமார் 15 கோண விநாடி.

கூர்மையின் பலன் யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸியில் தெரிந்தது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு ஒரு வில்லைபோல வேலை செய்து, அதற்குப் பின்னால் மிகத் தொலைவில் இருக்கும் இந்தக் கேலக்ஸியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைக் கண்டது. சந்திரா அங்கேயே நாள்கணக்கில் பார்த்து, அதன் நடுவில் வளரும் கருந்துளையின் எக்ஸ்-கதிரைப் பிடித்தது. பெருவெடிப்பு நடந்து 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்துக் கருந்துளை அது. அதன் எடை ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடிச் சூரியன்கள் வரை இருக்கலாம் என்று 2023 நவம்பரில் கணித்தார்கள். விண்மீன் ஒன்று இறந்து உண்டான சிறு கருந்துளைக்கு அவ்வளவு வளரக் காலம் போதாது. மாபெரும் வாயுமேகம் ஒன்று நேரடியாகச் சரிந்தே இது பிறந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இது நல்ல ஆதாரம். முன்னால் இருக்கும் கொத்தின் சூடான வாயுவே எக்ஸ்-கதிரில் பிரகாசமானது. அதற்குள் இந்த மங்கல் புள்ளியைத் தனியாகப் பிரித்தெடுக்க, பறப்பவற்றில் சந்திரா ஒன்றால்தான் முடியும்.

எக்ஸ்எம்எம்மின் வெற்றிகள் வேறு ரகம். 1இஎஸ் 1927+654 என்ற கேலக்ஸியின் நடுவில் சுமார் 14 லட்சம் சூரிய எடை கொண்ட கருந்துளை இருக்கிறது. அதன் எக்ஸ்-கதிர் 18 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை எக்ஸ்எம்எம் கண்டது. இரண்டே ஆண்டில் அந்த இடைவெளி 7 நிமிடமாகச் சுருங்கியது. கருந்துளைக்கு மிக அருகில் ஒரு வெண்குள்ளன், அதாவது இறந்த விண்மீனின் எஞ்சிய கரு, சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பது 2025 ஜனவரியில் முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அது சரி என்றால், 2030களில் ஏவவிருக்கும் லீசா விண்கலங்கள் அதன் ஈர்ப்பலைகளையே பிடித்துவிடலாம். இதற்கெல்லாம் கூர்மை தேவையில்லை. நிறைய ஒளியும், பூமி குறுக்கே வராமல் நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்க்கும் வசதியும் வேண்டும். இரண்டும் எக்ஸ்எம்எம்மிடம் உண்டு.

இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சந்திராவைத்தான் எடுப்பேன். ஒளி சேர்க்கும் பரப்பைப் பிறகு வரும் கலங்கள் ஈடுகட்டிவிடும். அந்தக் கூர்மையை 25 ஆண்டுகள் கழித்தும் யாரும் ஈடுகட்டவில்லை.

எக்ஸ்ரிசம்: நான்காவது முயற்சி

எக்ஸ்ரிசம்மின் ரிசால்வ் கருவியில் இருப்பது ஆறுக்கு ஆறு, வெறும் 36 பிக்சல். அதில் ஒன்று அளவுத் திருத்தத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பிக்சலும் வானில் 30 கோண விநாடி அகலம். படம் எடுக்க இது ஆகவே ஆகாது. ஆனால் அந்தப் பிக்சல்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு எக்ஸ்-கதிர்த் துகள் வந்து விழுந்தால் பிக்சல் துளியளவு சூடாகும். எவ்வளவு சூடானது என்று அளந்து அந்தத் துகளின் ஆற்றலைச் சொல்லிவிடுவார்கள்.

இதன் பலம் ஒரு சிறு கணக்கில் புரியும். கொதிக்கும் கொத்து வாயுவில் இருக்கும் இரும்பு, சுமார் 6,700 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒளிர்கிறது. அந்த வாயு நம்மை நோக்கி நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்தக் கோடு நகர்வது வெறும் 6.7 எலக்ட்ரான் வோல்ட். சந்திராவின் கேமரா இந்த இடத்தில் பிரித்தறிவது நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். ரிசால்வ் ஐந்துக்கும் கீழே. அங்கே ஒரே மேடாகத் தெரிந்த இரும்பு, இங்கே தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கிறது. சந்திராவிலும் எக்ஸ்எம்எம்மிலும் ஒளியை ஆற்றல்வாரியாகப் பிரித்து நிறமாலையாக்கும் கீற்றணிகள் உண்டுதான். புள்ளிபோன்ற விண்மீன்களுக்கு அவை அருமையாக வேலை செய்யும், கொத்துபோல வானில் பரந்து கிடப்பதைப் பார்த்தால் எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

இந்த நுட்பம் இவ்வளவு தாமதமானதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 2000இல் இதே வகைக் கருவியோடு கிளம்பிய ஜப்பானின் ஆஸ்ட்ரோ-ஈ சுற்றுப்பாதையையே எட்டவில்லை. 2005இல் சுசாகு மேலே போனது, சில வாரங்களிலேயே கருவியைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாகி அந்தக் கருவி மட்டும் வீணானது. 2016 பிப்ரவரியில் போன ஹிட்டோமி மார்ச் இறுதியில் கட்டுப்பாடு இழந்து உடைந்தது. உடைவதற்குள் பெர்சியஸ் கொத்தை ஒருமுறை பார்த்திருந்தது. அந்த ஒரு பார்வையிலேயே நடு வாயுவின் கொந்தளிப்பு நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் என்று தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அமைதியான வாயு! 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிசம் போய்ச் சேரும்வரை அந்த ஒற்றை அளவீட்டை வைத்தே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெர்சியஸ் நல்ல ஒப்பீட்டு இடமும்கூட. நடுக் கருந்துளை ஊதிய குமிழ்களையும், அவற்றைச் சுற்றிப் பரவும் அலைகளையும் சந்திரா 2003இலேயே படம் பிடித்தது. அதுவும் பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் படம் ஒரு கணத்தை மட்டும் காட்டும். வாயு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அதில் இல்லை. கொத்துகளின் நடுவாயு ஏன் குளிர்ந்து விண்மீன்களாகச் சுருங்கிவிடவில்லை என்பது பல்லாண்டுப் புதிர். சென்டாரஸ் கொத்தைப் பார்த்த எக்ஸ்ரிசம், நடுவாயு மொத்தமாகவே நொடிக்கு 130 முதல் 310 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 2025 பிப்ரவரியில் காட்டியது. முன்பு நடந்த கொத்து மோதல்களால் வாயு இன்னும் தளும்பிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் சூடான வாயு உள்ளே கலக்க இது ஒரு வழி. சந்திராவின் படத்தைப் பார்த்து ஊகித்ததை இப்போது எண்ணாகவே எழுத முடிகிறது.

என்னை அதிகம் உலுக்கியது கருந்துளைக் காற்று. பிடிஎஸ் 456 என்ற குவாசரிலிருந்து (மாபெரும் கருந்துளை வாயுவை விழுங்கும்போது பிரகாசிக்கும் கேலக்ஸி நடு) ஒளியின் வேகத்தில் கால்வாசி அளவுக்கு வேகமான காற்று வீசுவது முன்பே தெரியும். அதை எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி விரியும் ஓட்டமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரிசம் பார்த்தபோது அந்த ஒரே ஓட்டம் குறைந்தது ஐந்து தனித்தனி வேகங்களாகப் பிரிந்தது, 20 முதல் 30 சதவீத ஒளிவேகம் வரை. தோட்டாக்களைப்போல வாயுக் கட்டிகள் பறக்கின்றன. அப்புறம் 2025 செப்டம்பரில் ஜிஎக்ஸ் 13+1 வந்தது. இங்கே நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன், பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சிய அடர்ந்த உருண்டை. இதுவும், ஈர்ப்பை ஒளியின் அழுத்தம் வென்றுவிடும் கதிர்வீச்சின் உச்ச வரம்பை எட்டிப் பிரகாசித்த வேளையில் எக்ஸ்ரிசம் பார்த்தது. காற்று அடர்த்தியாக இருந்தது, ஆனால் மணிக்கு வெறும் 10 லட்சம் கிலோமீட்டர்தான். குவாசர் காற்றோடு ஒப்பிட்டால் இது நடைவேகம். இரண்டும் வரம்பை ஒட்டி எரிபவை என்றால் ஒன்று ஏன் சீறுகிறது, இன்னொன்று ஏன் ஊர்கிறது? பெரிய கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு ஒப்பீட்டளவில் குளிர்ந்தது, புறஊதா ஒளியை அதிகம் விடும். அந்த ஒளி வாயுவை எளிதில் பிடித்துத் தள்ளும். நியூட்ரான் விண்மீனைச் சுற்றிய தட்டு எக்ஸ்-கதிராக எரிவதால் அந்தப் பிடிமானம் குறைவு. இப்படித்தான் ஆய்வாளர்கள் இப்போது விளக்கம் தேடுகிறார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ரிசால்வ் கருவியின் முன்னால் இருக்கும் பெரிலியம் சாளரக் கதவு மேலே போன பிறகு திறக்கவே இல்லை. 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வருவதை அது மறைத்துவிடுகிறது. ஆக்சிஜன், நியான் கோடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு எக்ஸ்எம்எம்மையும் சந்திராவையும்தான் இன்னும் நம்ப வேண்டும்.

ஈரோசிட்டாவும் ஐன்ஸ்டைன் ப்ரோபும்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு சிறு இடத்தை உற்றுப் பார்ப்பவை. எங்கே பார்ப்பது என்று யார் சொல்வது? 2019இல் ரஷ்ய விண்கலத்தில் ஏறிப் போன ஜெர்மன் ஈரோசிட்டா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் துழாவியது. முதல் சுற்றின் பாதி வானத்துத் தரவு 2024 ஜனவரியில் வெளியானது. ஏறக்குறைய 9 லட்சம் மூலங்கள்! எக்ஸ்-கதிர் வானியலின் அறுபது ஆண்டு வரலாறு முழுவதும் சேர்த்ததைவிட இது அதிகம். 12,000க்கும் மேற்பட்ட கொத்துகளும் அதில் அடக்கம். அவற்றை எண்ணிப் பார்த்தபோது, பிரபஞ்சப் பொருள் எவ்வளவு கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு பெருவெடிப்பின் எச்சமான ஆதிக் கதிர்வீச்சு சொல்லும் கணக்கோடு ஒத்துப்போனது. வேறு முறை ஆய்வுகள் சில, ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவந்த நேரத்தில் இது முக்கியமான முடிவு. நம் பால்வீதிக்கு மேலும் கீழும் பூதாகாரமாக உப்பி நிற்கும் இரண்டு குமிழ்களையும் இதுதான் 2020இல் காட்டியது. ரஷ்யாவின் உக்ரைன் படையெடுப்பைத் தொடர்ந்து 2022 பிப்ரவரியில் கருவியை நிறுத்தினார்கள். பாதியில் நின்ற அந்த வேலை எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது.

சீனா 2024 ஜனவரியில் அனுப்பிய ஐன்ஸ்டைன் ப்ரோப் பரப்பை வேறுவிதமாகப் பயன்படுத்துகிறது. சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்துச் செய்த ஒளியியல், ஒரே நேரத்தில் 3,600 சதுரப் பாகை வானம். ஆழம் குறைவு, ஆனால் திடீரென வெடிப்பதை விடாது. 2024 மார்ச் 15 அன்று அது பிடித்த வெடிப்பின் ஒளி நம்மை வந்தடைய 1,250 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. எக்ஸ்-கதிர் தொடங்கி ஆறு நிமிடத்துக்கும் பிறகுதான் காமாக் கதிர் வந்தது. காமாக் கதிரை மட்டும் நம்பியிருந்தால் அந்த முதல் நிமிடங்கள் தெரியாமலே போயிருக்கும்.

ஐஎக்ஸ்பிஇயும் எக்ஸ்போசாட்டும்

இவை அளப்பது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை. 2021 டிசம்பரில் போன நாசாவின் ஐஎக்ஸ்பிஇ, நம் கேலக்ஸியின் நடுவில் தூங்கும் கருந்துளை சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் விழித்திருந்தது என்பதற்குச் சான்று தந்தது. அருகில் உள்ள வாயுமேகங்களிலிருந்து தெறிக்கும் எக்ஸ்-கதிரின் அதிர்வுத் திசை நேராக அந்தக் கருந்துளையைச் சுட்டியது. இந்தியாவின் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 அன்று போனது. ஐஎக்ஸ்பிஇ 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கிறது, எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவி 8 முதல் 30 வரை. ஒன்று விட்ட இடத்தில் மற்றது தொடங்குகிறது. இங்கே போட்டியே கிடையாது.

அடுத்து எதற்குப் பணம்?

ஒப்பீடு வெறும் ஆர்வத்துக்கு மட்டும் இல்லை. பணம் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்கிறார்கள். சந்திராவுக்கு ஆண்டுக்கு 6.83 கோடி டாலராக இருந்த ஒதுக்கீட்டை 4.11 கோடியாக வெட்ட 2024இல் நாசாவின் பட்ஜெட் திட்டம் முன்மொழிந்தபோது வானியலாளர்கள் கொதித்துப்போனார்கள். ஐரோப்பாவின் நியூஅதீனா 2037 வாக்கில் போகத் திட்டம். எக்ஸ்ரிசம் வகைக் கருவியைப் பெரிய கண்ணாடியோடு சேர்ப்பது அது. கூர்மையில் அதன் இலக்கு சுமார் 9 கோண விநாடி. நாசா பரிசீலிக்கும் ஆக்சிஸ் தொலைநோக்கி தேர்வானால் 2032இல் போகலாம், அதன் இலக்கு 1.5 அளவில். இரண்டுமே சந்திராவின் அரை விநாடியைத் தொடாது.

எக்ஸ்ரிசம்தான் அதிகம் கற்றுத் தந்தது என்று சொல்லும் நானே, செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசியாகக் கைவைக்க வேண்டியது சந்திரா என்பேன். எக்ஸ்ரிசம்மின் வேலையைத் தொடர நியூஅதீனா வருகிறது. ஜேம்ஸ் வெப் இன்னும் எத்தனையோ ஆதிக் கேலக்ஸிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. அவற்றில் எதன் நடுவில் கருந்துளை வளர்கிறது என்று யுஹெச்இசட்1இல் செய்ததுபோலப் பார்த்துச் சொல்ல, வரிசையில் இப்போதைக்கு வேறு கலம் இல்லை.