தாடை வலிக்கு 15 சிட்டிங் லேசர்: பணம் கட்டுமுன் படியுங்கள்

ஒரு நோயாளி கையில் இருந்த பில்லில் 'லேசர் தெரபி, 15 சிட்டிங்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. எத்தனை நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்), எத்தனை மில்லிவாட் (கருவியின் திறன்), ஒரு புள்ளிக்கு எத்தனை நொடி என்று எங்கும் எழுதவில்லை. தாடிக்கு மேலேயே, கன்னத்தைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளி, ஒளி வரும் முனையான புரோபைப் பிடித்திருக்கிறார்கள். இயக்கியவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்; படுத்திருந்தவருக்கு அதுவும் கிடையாது.

லேசரில் கணக்கு எளிது: வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல், அதாவது கொடுத்த ஆற்றல். 100 மில்லிவாட் கருவி ஒரு புள்ளியில் 40 நொடி நின்றால் 4 ஜூல். 5 மில்லிவாட் கருவி அதே நேரம் நின்றால் 0.2 ஜூல்தான், கன்னத்தில் டார்ச் அடித்த மாதிரி. புரோப் தோலோடு ஒட்டாவிட்டால் கணிசமான ஒளி தெறித்துப் போய்விடும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண் தானாக மூடாது. அதனால்தான் இருவருக்கும் கண்ணாடி வேண்டும். கண்ணாடியில் அச்சிட்ட அலைநீளம் கருவியினுடையதோடு பொருந்தவேண்டும். கூலிங் கிளாஸ் போதாது.

டென்ஸ் என்பது தோலில் பேட் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்தும் கருவி. அதில் பேட் எங்கே ஒட்டுகிறார்கள் என்று பாருங்கள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் கெட்டியாக எழும்புகிற மெல்லும் தசை, நெற்றிப்பொட்டுத் தசை, இவைதான் இடம். கழுத்தின் முன்பக்கம் ஒட்டவே கூடாது; அங்கே கரோட்டிட் தமனி இருக்கிறது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் இதயநோய் மருத்துவர் சம்மதிக்காமல் தொடவேண்டாம். பலரிடம் ஒட்டி ஜெல் காய்ந்த பேட் சுளீரென்று குத்தும், தோலைப் பொசுக்கும். ஒலி அலையால் வலியைக் குறைக்கப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில் (ஸ்கேன் அல்ல) தாடைக்கு 3 மெகாஹெர்ட்ஸ், சின்னத் தலை. ஜெல் இல்லாமல் தேய்த்தால் ஒலி உள்ளேயே போகாது. ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு.

கருவி சரியாகவே ஓடினாலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நாள்பட்ட தாடை வலிக்கு 2023-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், தாடைப் பயிற்சி, கைமுறை சிகிச்சை (கையால் அழுத்தியும் அசைத்தும் செய்வது), அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைத்தது. குறைந்த ஆற்றல் லேசரையும் டென்ஸையும் நிபந்தனையோடு வேண்டாம் என்றது. எப்போதாவது துணைக்கு ஒன்று வைத்துக்கொள்வது வேறு. அதையே முழு மருந்தாக விற்பது வேறு. வாயைத் திறந்து மூடும்போது வருகிற, வலியில்லாத வெறும் 'டக்' சத்தத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, மருத்துவரைப் பார்க்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை.

லேசர் பலிக்கவில்லை என்றதும் அடுத்த வலை வரும்: "கடி சரியில்லை, பல்லைக் கொஞ்சம் தேய்ச்சுடலாம்." தேய்த்த எனாமல் திரும்ப வளராது. மறுத்துவிட்டு வேறொருவரிடம் கேளுங்கள். முன்பல்லை மட்டும் மூடுகிற பிளாஸ்டிக் தட்டை நாள் முழுக்கப் போட்டால் பின்பற்கள் எழும்பி, கடியே மாறிப்போகும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று முதல் நாளே அளவு எடுக்கச் சொல்லுங்கள். மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்புவரை, ஸ்கேலால் மில்லிமீட்டரில். பெரியவர்களுக்கு 40-க்கு மேல் இருப்பது இயல்பு. நாலைந்து சிட்டிங் கழிந்தும் எண்ணும் வலியும் அசையாவிட்டால் நிறுத்துங்கள். பாக்கு, பான் மசாலா போடுகிறவருக்கு வாய் திறக்காமல் போனால் அது மூட்டுக் கோளாறாக இல்லாமல் வாயின் உள்சவ்வு இறுகி நாராகிற வாய்ச்சளி நார்க்கட்டாக இருக்கலாம். லேசரில் கரையாது, புற்றுநோய்க்கு முந்தைய நிலையும்கூட. 50 வயது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, புதிதாகத் தலைவலியும் வந்தால் அன்றே மருத்துவமனை; பார்வையையே பறிக்கக்கூடிய தமனி அழற்சியாக இருக்கலாம். நடந்தால் வந்து, நின்றால் போகிற தாடை வலி இதயத்திலிருந்து வரலாம்; இசிஜிதான் முதலில்.

பணம் கட்டியாகிவிட்டதா? பில், பேக்கேஜ் அட்டை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்கவேண்டாம். நடக்காத சிட்டிங்குக்குப் பணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.