எக்ஸ்29 கிட்: ரிவெட் எல்லாம் சரி, கால்படிதான் நிற்கவில்லை

டொராண்டோவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அந்த எக்ஸ்29 கிட் விலை இறங்கியிருக்கே, எடுக்கலாமா?" எக்ஸ்29 என்பது பழைய அமெரிக்கச் சரக்கு ரயில் பெட்டி ஒன்றின் பெயர்; கிட் என்பது அதைச் சிறிய மாடலாக ஒட்டிச் சேர்க்கிற துண்டுகள். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதே பெட்டியின் கால்படி ஒன்றை மறுபடி ஒட்டிவிட்டு, விரலில் காய்ந்த சூப்பர் க்ளூவை உரித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் சொல்லி அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவில் நுணுக்கமாகச் செய்கிற எவர் கிட்டை எடுத்தாலும் இந்தத் தலைவலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். என்னிடம் இந்தப் பெட்டிகள் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகக் கட்டியவை அல்ல. மாடல் ரயில் கிளப்பின் லேஅவுட்டில், அதாவது தண்டவாளம் போட்டு வைத்த மேடையில், சரக்கு ஏற்றி இறக்கி, யார்டில் பிரித்துச் சேர்த்து, ஒழுங்காக வேலை வாங்கப்படுபவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் விட்டுப்போய்விடும்.

பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் 1934 வரை இந்த வகையில் ஏறத்தாழ 30,000 பெட்டிகள் கட்டியது. 1923-ல் அமெரிக்க ரயில்வே சங்கம் முன்வைத்த முழு எஃகுப் பெட்டி வரைபடத்திலிருந்து பிறந்தது. பால்டிமோர் அண்ட் ஓஹாயோ ரயில்ரோட்டின் எம்-26 இதன் நெருங்கிய உறவு. பாக்ஸ்கார், அதாவது இந்த மாதிரி மூடிய சரக்குப் பெட்டி, எந்த ஊர்த் தண்டவாளத்திலும் நிற்கும். யாருடைய பெட்டி காலியாகக் கிடைக்கிறதோ அதில் சரக்கை ஏற்றி அனுப்புவார்கள். அந்நாளில் நாட்டிலேயே பெரிய பெட்டிப்படை பென்சில்வேனியாவுடையது. அதனால் நீங்கள் கலிஃபோர்னியாவை மாடல் செய்தாலும், டெக்சாஸை மாடல் செய்தாலும், 1940-கள் என்றால் எக்ஸ்29 இல்லாத ரயில் பொய்யான ரயில்.

அதைவிட எனக்குப் பிடித்தது இதன் குள்ளம். உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம்தான். 1937-ல் வந்த தரநிலைப் பெட்டிக்கு உள்ளுயரம் 10 அடி. வித்தியாசம் 17 அங்குலம், எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு என்பதால், மாடலில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு நீளமான ரயிலைப் பக்கவாட்டில் பார்த்தால், கூரைக்கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தெரிகிற அந்த மேடுபள்ளம் ஒரே உயரப் பெட்டிகளை வாங்கி அடுக்கினால் வரவே வராது. இந்த 5 மில்லிமீட்டருக்காகவே காசு கொடுக்கலாம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

ரிவெட் வரிசை, தட்டையான முனைச் சுவர், மூன்று பலகத்து கிரெக்கோ வகைக் கதவு, 2டி-எஃப்8 ட்ரக் (சக்கரத் தொகுதி) எல்லாம் சரியாக இருக்கின்றன. இந்தக் கிட் வடித்திருப்பது ஒட்டுப்போடாத பக்கச் சுவரை. அசல் பெட்டிகளில் பக்கத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே ஈரம் இறங்கித் தங்கி, அடிவிளிம்பு துருப்பிடித்தது. ரயில்ரோடு அங்கங்கே தகட்டு ஒட்டுப் போட்டு ஓட்டியது. 1940-களின் இறுதியை மாடல் செய்பவர்கள், 0.13 மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாளைச் சீவி அடிவிளிம்பில் ஒட்டி, வண்ணத்தை அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மாற்றினால் போதும், பெட்டிக்கு வயது வந்துவிடும். எழுத்துக்கு, ஒட்டியெடுக்கிற டெக்கால் தாளில் வட்டத்துக்குள் கீஸ்டோன், அதாவது பென்சில்வேனியாவின் சின்னம், வருகிறது. நிழல் விழுந்த கீஸ்டோன் 1954-ல்தான் வந்தது. அதை 1948 ரயிலில் ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடிப்பாகம் இன்னொரு சந்தோஷம். பழைய கேசி பிரேக்கில் சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒரே உருளையாக ஒட்டியிருக்கும். 1933-க்குப் பிறகு வந்த ஏபி பிரேக்கில் கட்டுப்பாட்டு வால்வு, தொட்டி, சிலிண்டர் என்று மூன்றும் தனித்தனி. பழைய பிரேக் வைத்த பெட்டி மற்ற ரயில்ரோடுகளுக்குள் போகக் கூடாது என்ற தடை 1953-ல் முழுதாக வந்தது. அதற்குள் எல்லாரும் மாற்றித் தொலைத்தார்கள். இந்தக் கிட்டில் இரண்டு தொகுதியும் இருக்கிறது. உங்கள் வருடத்துக்கு ஏற்றதைப் போட்டுக்கொள்ளலாம். வால்விலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயைக்கூடக் கம்பியில் வளைத்துப் போட்டேன். பெட்டி தண்டவாளத்தில் நின்றால் ஒரு ஆளுக்கும் தெரியாது. தடம் புரண்டு கவிழ்ந்தால் மட்டும் தெரியும். கிளப்பில் ஒருமுறை அப்படிக் கவிழ்ந்தபோது பக்கத்தில் நின்றவர் குனிந்து பார்த்து "அடேயப்பா" என்றார். கவிழ்ந்ததே நல்லதாயிற்று என்று பட்டது.

சரி, இப்போது கால்படிக்கு வருவோம்.

பெட்டியின் நான்கு மூலைக்குப் பக்கத்தில், பக்கச் சட்டத்துக்குக் கீழே, 'ப'வைக் கவிழ்க்காமல் அப்படியே தொங்கவிட்டாற்போல் ஒரு பட்டை இருக்கும். ஓடுகிற பெட்டியில் தொற்றி ஏற பிரேக்மேன் கால் வைக்கிற இடம். இந்தக் கிட்டில் அது தனித் துண்டாக, அசலின் அளவுக்கே வார்க்கப்பட்டிருக்கிறது. அழகு. தொட்டால் போயிற்று.

இது கம்பெனிக்காரர்களின் ஆசையால் வந்த மெல்லிசு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1893-ல் ரயில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை பிரேக்மேன்கள் ஓடும் பெட்டியின் கூரை மீது நடந்து, பெட்டிகளைக் கோக்கும் பழைய ஊசிக் கப்ளரில் விரலை இழந்து, விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1911-ல் மாநிலங்களுக்கிடை வர்த்தக ஆணையம் அங்குலக் கணக்கில் விதி போட்டது. கைப்பிடிக் கம்பிக்குக் குறைந்தபட்ச விட்டம் 5/8 அங்குலம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைய 2 அங்குலம், முடிந்தால் இரண்டரை. கால்படிப் பட்டை குறைந்தது அரை அங்குலத் தடிமன், ஒன்றரை அங்குல அகலம். மிதிக்கிற நீளம் 10 அங்குலம், முடிந்தால் 12. எந்த மூலையில் எது இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. ஆகவே 1940-களின் பெட்டியை ஒழுங்காகச் செய்கிறேன் என்பவர் இவற்றில் ஒன்றையும் தள்ள முடியாது.

இதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள். அரை அங்குலப் பட்டை 0.15 மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பி 0.18. மிதிக்கிற நீளம் மூன்றரை மில்லிமீட்டர். எஃகில் ஒரு ஆளின் எடையைத் தாங்கிய வடிவம், பிளாஸ்டிக்கில் இந்தத் தடிமனில் ஈரத் துண்டால் துடைத்தாலே போய்விடுகிறது. இதைத் தெரிந்துதான் பெரும்பாலான கம்பெனிகள் படியைக் கொஞ்சம் தடிப்பாக வார்க்கின்றன. இவர்கள் கிட்டத்தட்டத் தடிப்பாக்கவே இல்லை. கிட் வருகிற அட்டைப்பெட்டியில் அதைப் பெருமையாக வேறு போட்டிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது மெல்லிசு கூட இல்லை. இடம். ஒரு பாக்ஸ்காரை நாம் எப்படித் தூக்குகிறோம்? கூரையைப் பிடித்தால் நடைபலகை பெயர்ந்துவிடும் என்ற பயம். நடுவில் பிடித்தால் கதவுத் தண்டவாளம். அதனால் விரல் தானாக மூலைக்குப் போகிறது. அடிவிளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் கவ்வுகிறோம். சட்டம் பிரேக்மேனின் காலுக்கு ஒதுக்கிய அதே இடம். ஆணையத்தார் 1911-ல் உட்கார்ந்து யோசித்தபோது என் கட்டைவிரலை மனதில் வைத்து எழுதினார்களோ என்று சில இரவுகளில் தோன்றும்.

"தொடாமல் ஓட்டு" என்பார்கள். தண்டவாளத்தில் இருக்கும்வரை முடியும். கேடீ கப்ளர் போட்டிருக்கிறேன். மூங்கில் குச்சியை இரண்டு கப்ளருக்கு நடுவே விட்டு லேசாகத் திருப்பினால் பிரிந்துகொள்ளும், பெட்டியில் கை படாது. ஆனால் ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டத்துக்கு ரயில்களைக் கலைத்து அடுக்கும்போது கையால் எடுத்தே ஆக வேண்டும். எடையும் இருக்கிறதே. என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரைப்படி எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அத்தோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். இந்தப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 110 கிராம் வருகிறது. வளைவில் தடம் புரளாமல் ஓட அந்த எடை வேண்டும். அந்த 110 கிராமும் தூக்குகிற கணத்தில் விரலுக்கும் படிக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒட்டினால் நிற்காதா என்று கேட்பீர்கள். ஸ்டைரீன் படி என்றால் ஒட்டும், அடுத்த முறை ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் உடையும். இந்தக் கிட்டில் வருவது அசிட்டால் பிளாஸ்டிக். வளையும், லேசில் உடையாது, அதற்காகத்தான் போடுகிறார்கள். ஆனால் அதன் மேல் பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது. உடையாமல் முழுசாகக் கழன்று கம்பளத்துக்குள் போய்விடுகிறது. உடைந்திருந்தால் பாதியாவது கையில் மிஞ்சியிருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஏ-லைன் உலோகக் கால்படி விற்கிறது, பல வடிவங்களில். பின் வைஸ் என்ற கைப்பிடியில் மெல்லிய துளைக்கருவியை மாட்டி, அடிச்சட்டத்தில் துளை போட்டு, படியின் காலைச் செருகி உள்ளிருந்து பசை வைத்தால் அது அசையாது. கைப்பிடிகளுக்கு டிச்சியின் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி. வளைந்தால் இடுக்கியால் நிமிர்த்திக்கொள்ளலாம். 0.25 மில்லிமீட்டர்க் கம்பி அசல் அளவைவிடக் கொஞ்சம் தடிப்புதான், ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக் கண்டுபிடிக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த இரண்டு பொட்டலமும் போட்ட பெட்டிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

நன்றாகத்தான் இருந்தன. போன வாரம் அப்படி உலோகப் படி போட்ட பெட்டியில்தான் வினை. கிளப்பில் யாரோ எடுத்து வைத்தபோது அழுத்தியிருக்கிறார்கள். உலோகப் படி வளையவில்லை, கழலவில்லை. பக்கச் சட்டத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது, இரண்டு ரிவெட்டோடு. முன்பு படி மட்டும் போகும்; இப்போது சுவரும் சேர்ந்து போகிறது. சுவரை ஸ்டைரீன் பட்டையால் அடைத்து, தேய்த்து, பழைய பெட்டி ஒன்றிலிருந்து சீவியெடுத்த ரிவெட்டை ஒட்டி, மறுபடி வண்ணம் அடித்து, மறுபடி புழுதி பூசி முடித்தேன். இப்போது அந்த மூலை மற்ற மூன்றையும்விட அசலாகத் தெரிகிறது. ஒட்டுப் போட்ட எக்ஸ்29 போலவே இருக்கிறது. இதைச் சொல்லும்போதுகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்யுரெயில் மாதிரி, கைப்பிடியும் ஏணியும் சுவரோடு சேர்த்தே வார்த்த கிட்களை நுணுக்கக்காரர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நானும் பார்த்தவன்தான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன்: கிளப் லேஅவுட்டில் வேலை செய்கிற பெட்டிகள் பெரும்பாலும் அவைதான். நுணுக்கமான பெட்டிகள் ஸ்பாஞ்சு வைத்த டப்பாவில், சொந்தக்காரர் வந்தால் மட்டும் வெளியே வருகின்றன. சரக்குப் பெட்டி என்றால் சரக்கு ஏற்றிப் போக வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிற துல்லியத்தை வைத்து என்ன செய்வது?

ஆனால் அந்த வார்ப்புக் கைப்பிடிகளுக்குப் பின்னால் நிழல் விழாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தனிக் கம்பி என்றால் சுவரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். விளக்கு சாய்வாக விழும்போது ஏணிப் பக்கம் முழுக்க மெல்லிய கோடுகளாக நிழல் படியும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றது வெறும் புடைப்பாகத்தான் படும்.

எடுக்கலாமா என்றால், எடுக்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், தெரியும். உயரம் சரி, ரிவெட் சரி, பிரேக் சரி, விலையும் இப்போது சரி. ஒரே ஒரு துண்டு சரியில்லை, அதுவும் மாற்றிக்கொள்ளக் கூடியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பத்துக்கு எட்டாவது போட வேண்டும். இன்று எனக்குப் போட மனமில்லை. அந்தச் சுவர் ஒட்டு நன்றாகக் காய்ந்து, அடுத்த ஓட்டத்தில் தாங்கிவிட்டால் ஒருவேளை போடுவேன்.

கேட்காமல் எடுத்துவிட்டீர்கள் என்றால், கிட்டில் வரும் படிகளைப் பொட்டலத்தோடு ஓரமாக வைத்துவிட்டு உலோகப் படியை முதலிலேயே போடுங்கள். துளை போடும் முன் சட்டத்தின் உட்புறம் 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் துண்டு ஒன்றை ஒட்டித் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள். அடித்தட்டை மூடிவிட்டால் பிறகு அங்கே இடுக்கி நுழையாது.