டர்பன் விடுதலைப் போராட்டச் சுற்றுலா: போனால் உள்ளூர்க்காரரோடு போங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் போகிற நம்மவர்கள் பலரும் கடற்கரை, விக்டோரியா தெரு மார்க்கெட், காந்தி இருந்த ஃபீனிக்ஸ் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு முழு நாளை ஒதுக்கி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியோடு போராட்ட இடங்களைச் சுற்றிப் பாருங்கள். கொடுத்த ரேண்டுக்கு மேலேயே கிடைக்கும்.

உள்ளூர்க்காரர் எதற்கு என்றால், இங்கே முக்கியமான இடங்கள் பலவற்றில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ரெட் ஸ்கொயர் என்று மக்கள் அழைத்த நிக்கல் சதுக்கம் இன்று பல மாடி கார் பார்க்கிங். டோக்கன் வாங்க நிற்கிற கார்களுக்குப் பக்கத்தில் எங்களை ஓரமாக நிறுத்தி வைத்துத்தான் வழிகாட்டி கதையைச் சொன்னார். இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து 1946 ஜூன் 13 அன்று இங்கே பெரிய கூட்டம் கூடி, அப்படியே ஊர்வலமாக கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கிற முனைக்குப் போய்க் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் டாக்டர் மான்ட்டி நாயக்கர். பழைய பைன் தெருவுக்கு இப்போது அவர் பெயர்தான். பெயர்ப் பலகையைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் வழிகாட்டி அந்தப் பெருமையோடு நம்மை விட்டுவிடவில்லை. அவர் வளர்ந்தது டர்பன் புறநகரான க்வாமாஷூவில். அவருடைய பாட்டி (கோகோ என்றுதான் சொல்கிறார்) ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் சேர்ந்து வாழ்ந்த கேட்டோ மேனர் பகுதியில் இருந்து வெளியேற்றப்பட்டவர். 1949இல் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை, நாங்கள் தமிழர்கள் என்பதற்காக அவர் மழுப்பவில்லை. வாடகை, கடை, பஸ் என்று அன்றாடம் இருந்த புகைச்சலையும் சொன்னார், இரண்டு பக்கத்தையும் ஒதுக்கி வைத்து ஆண்ட வெள்ளை அரசையும் சொன்னார். பிறகு அதே கேட்டோ மேனரைக் காலி செய்து ஆப்பிரிக்கர்களை க்வாமாஷூவுக்கும் இந்தியர்களை சாட்ஸ்வர்த்துக்கும் அனுப்பியதைச் சொல்லும்போது வேனில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு முன்னால் க்வாமூலே அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவது நல்லது. ஆப்பிரிக்கர்கள் ஊருக்குள் வேலை செய்ய அனுமதி கேட்டு வரிசையில் நின்ற அதே அலுவலகம்தான் இன்று அருங்காட்சியகம். சோள பீர் காய்ச்சி விற்கிற உரிமையை 1908 சட்டத்தைக் கொண்டு நகராட்சி தன் கையில் வைத்துக்கொண்டு, அந்த லாபத்திலேயே ஆப்பிரிக்கர்களைக் கட்டுப்படுத்துகிற நிர்வாகத்தை நடத்தியிருக்கிறது. அவன் குடித்த காசிலேயே அவனுக்கு விலங்கு! 1959இல் கேட்டோ மேனர் பெண்கள் தடியை எடுத்துக்கொண்டு ஏன் நகராட்சியின் பீர் ஹால்களுக்குள் புகுந்தார்கள் என்பது இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனாண்டா பகுதி சுருக்கமாகத்தான் போனது. காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு 1985 கலவரத்தில் எரிந்துபோனது, இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. காந்தியின் பத்திரிகையான 'இந்தியன் ஒப்பீனியன்' இங்கேதான் அச்சானது. ஆரம்பத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு. அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. 1912இல் தொடங்கி, பின்னால் ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) என்று ஆன அமைப்பின் முதல் தலைவர் இவர். மண்டேலா 1994 ஏப்ரல் 27 அன்று தன் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார், டூபேயின் கல்லறைக்கும் போனார்.

குறை இல்லாமல் இல்லை. 1973 ஜனவரியில் செங்கல் ஆலையில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவிய வேலைநிறுத்தத்துக்கு, ஓடுகிற வேனில் இரண்டு வாக்கியம்தான். மதியச் சாப்பாட்டுக்கும் அவசரப்படுத்தினார்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் டவுனில் நடக்க வேண்டிய தூரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்தியர்கள் என்று தெரிந்தாலே காந்தியோடு முடிகிற அரை நாள் பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. க்வாமூலே, கேட்டோ மேனர், ஓலாங்கே மூன்றும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.